மாட்டாத ஒயர்

"கரண்ட் எப்ப மாமா வரும்?"

கேட்டுவிட்டாள். வார்த்தை வாயை விட்டுப் போன பிறகுதான் தெருவே தன்னைப் பார்ப்பது அவளுக்கு உறைத்தது.

விடியற்காலையில் ஒரு மணல் லாரி திருப்பத்தில் ஒடித்துத் திரும்பி, மின்கம்பத்தை இடுப்போடு முறித்துவிட்டுப் போயிருந்தது. கிரேன் வந்து பழையதைப் பிடுங்கி, புதுக் கம்பத்தை நட்டு, கல் போட்டு இறுக்குவதற்குள் மணி பத்தாகிவிட்டது. இனி நாலு கம்பியையும் மேலே ஏற்றி இழுத்துக் கட்ட வேண்டும். ஃபோர்மேன் கையில் டீ டம்ளரோடு நின்றிருந்தார். லைன்மேன் பூனை வண்டிப் படியில் உட்கார்ந்து இடுப்பு பெல்ட்டின் கொக்கியை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். சத்தமே இல்லாமல் கம்பத்தில் ஏறி இறங்குவான்; ஏறுவதும் யாருக்கும் தெரியாது, இறங்குவதும் தெரியாது. அதனால் அவனுக்கு அந்தப் பெயர்.

இதே கேள்வியை பேக்கரிக்காரர் அதற்குள் ஐந்து தடவை கேட்டிருந்தார். "வரும்போது வரும்ணே, ரொட்டி எங்கயும் ஓடிடாது" என்று ஃபோர்மேன் ஐந்து தடவையும் சிரித்துக்கொண்டே சொன்னார். அவள் கேட்டதும் அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

லைன்மேன் வீட்டில் பிறந்தவள் கேட்கக் கூடாத கேள்வி அது. அந்த வீட்டில் கெட்ட வார்த்தை பேசினால்கூட அம்மா ஒரு முறைப்போடு விட்டுவிடுவாள். ஏழு வயதில், ஒரு புயல் வாரத்தில், மூன்று நாள் கழித்து வீட்டுக்கு வந்து வாசலில் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்த அப்பாவிடம், உருகிப்போன மெழுகுவத்தியைக் காட்டி அவள் இதைக் கேட்டாள். அப்பா அவளை அடித்தது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். "மேல நிக்கறவனை ஊரே அவசரப்படுத்தும். நீ படுத்தாதே," என்றார்.

பதினேழு வருஷம் கேட்கவில்லை. இன்று கேட்டாள். சும்மா கேட்கவில்லை, அதட்டிக் கேட்டாள்.

ஃபோர்மேன் டம்ளரைக் கீழே வைத்தார். "அண்ணனுக்கு எப்படிம்மா இருக்கு?" அவள் அப்பாவை அவர் அப்படித்தான் சொல்வார்.

"ஆக்சிஜன் மெஷின் காலையிலேர்ந்து நின்னுபோச்சு. சிலிண்டர்லதான் ஓடுது. இன்னும் ரெண்டு மணி நேரம் வந்தா அதிகம். அடுத்த சிலிண்டர் கொண்டு வர்ற வண்டி எங்கயோ மாட்டிக்கிட்டு நிக்குது. போனை எடுக்க மாட்டேங்கறான்."

ஃபோர்மேனும் பூனையும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். பூனை எழுந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டான்.

"அரை மணி நேரம், பாப்பா," என்றார் ஃபோர்மேன். "நீ போ. அண்ணன் பக்கத்துல இரு."

அவள் எலெக்ட்ரிக்கல் இன்ஜினீயரிங் படித்தவள். வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். நாலு கம்பியை முறையாக ஏற்றிக் கட்ட அரை மணி நேரம் போதாது, அரை நாள் வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். எதையெல்லாம் விட்டால் அரை மணி நேரத்தில் முடியும் என்பதும் தெரியும். தெரிந்தும் தெரியாத மாதிரித் திரும்பி நடந்தாள்.

வீட்டு கேட்டை அவள் தள்ளிய வேகத்தில் அது சுவரில் மோதி, தாழ்ப்பாள் குதித்து, தெருமுனைவரை கேட்கிற மாதிரி அலறியது.

*

கூடத்தில் ஜன்னலை ஒட்டிப் போட்ட கட்டிலில் அப்பா சாய்ந்து உட்கார்ந்திருந்தார். படுத்தால் மூச்சு ஏறாது. ஆஸ்பத்திரியில் நுரையீரல் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, நல்லா பாத்துக்கங்க" என்று சொல்லி அனுப்பி இன்றோடு பதினாறு நாள். அம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சிலிண்டரின் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டிலுக்கு அடியில் ஆக்சிஜன் மெஷின் செத்துக் கிடந்தது.

எதிர்ச் சுவரோரம் இரண்டு அட்டைப்பெட்டிகள். ஒன்றின்மேல் மருந்துப் பட்டைகள், தண்ணீர் செம்பு, தெர்மாமீட்டர். அம்மா அதன்மேல் ஒரு துணியை விரித்து மேசையாக்கிவிட்டிருந்தாள். உள்ளே இருந்தது வெயிலிலும் பேட்டரியிலும் ஓடுகிற மூன்று கிலோவாட் ஹைபிரிட் இன்வெர்ட்டர். கீழே அதைவிடக் கனமான பெட்டியில் பேட்டரி. பதினாறு நாளாகப் பிரிக்கவே இல்லை. பிரிக்க அப்பா விடவில்லை.

அவளுக்கு வேலையே இதுதான். யாருடைய வீட்டுக்கு எந்த இன்வெர்ட்டர் என்று தேர்ந்தெடுத்துக் கொடுக்கும் சோலார் கம்பெனியில் மூன்று வருஷமாக இருக்கிறாள். வருகிறவர்களிடம் முதலில் ஒன்று கேட்பாள்: "கரண்ட் போனா எது எது ஓடியே ஆகணும்?" அவர்கள் ஏசியில் ஆரம்பித்து மீன் தொட்டி வரைக்கும் பட்டியல் போடுவார்கள். அவள் ஒவ்வொன்றாக அடித்துவிட்டு, கடைசியில் மிஞ்சுவதற்கு ஏற்ற பெட்டியைச் சொல்வாள். ஊருக்கெல்லாம் சரியான பெட்டி கொடுத்தவள் வீட்டில் மட்டும், மாடிப்படிக்குக் கீழே மாட்டியிருந்தது தப்பான பெட்டி.

தப்பு என்று அவள் சொல்வாள். அப்பா அதைத்தான் சரி என்பார். இரண்டு வருஷத்துக்கு முன் மாடியில் ஆறு பேனல் போட்டபோது, பேட்டரி இல்லாமல் தெரு லைனோடு நேராகச் சேர்ந்து ஓடும் இன்வெர்ட்டரை அவரே கேட்டு வாங்கினார். தெருவில் லைன் செத்தால் அதுவும் அந்த நொடியே தன்னை நிறுத்திக்கொள்ளும். வெயில் மண்டையைப் பிளந்தாலும் ஒரு துளி கரண்ட் தராது. "நல்லா வளர்ந்த பிள்ளை மாதிரி. பெரியவங்க பேச்சை நிறுத்தினா இதுவும் நிறுத்திடுது," என்று அதைத் தட்டிக்கொடுத்தார். தெரு சிரித்தது. "கரண்டுக்காரர் மாடில ஆறு கண்ணாடி, கீழ ஆறு மெழுகுவத்தி" என்று பேக்கரிக்காரர் சொல்லாத நாளில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே அவள் இந்தப் பெட்டிகளை இறக்கினாள்.

"லைன் செத்தா இது தானா பிரிஞ்சுக்கும்ப்பா. வீட்டுக்குள்ள மட்டும் ஓடும். தெருவுக்கு ஒரு பொட்டு போகாது. உள்ள இருக்கற ரிலே துண்டிச்சுடும்."

"ரிலே ஒட்டிக்கிட்டா?"

"ரெண்டு ரிலே வரிசையா வெச்சிருக்கான். ரெண்டும் சேந்து ஒட்டறது லட்சத்துல ஒண்ணு."

"நெட்டையும் லட்சத்துல ஒண்ணுதான்."

நெட்டை அப்பாவின் கூட்டாளி. அவள் கைக்குழந்தையாக இருந்தபோது, செத்த லைனில் ஏறி வேலை செய்துகொண்டிருந்தான். ஏதோ ஒரு வீட்டில் ஜெனரேட்டரைத் தப்பாக மாட்டிப் போட்டார்கள். அது தெருக் கம்பியில் பின்னால் ஏறி வந்து அவன் உயிரைக் கம்பத்தின் உச்சியிலேயே நிறுத்திவிட்டது. இந்தக் கதை அவளுக்குத் தெரியும். தெரிந்து சலித்துப்போன கதை.

"நாலு வருஷம் படிச்சவ சொல்றேன்."

"முப்பத்தோரு வருஷம் ஏறினவன் சொல்றேன். லைன் செத்திருக்கறப்ப என் வீட்டுல எதுவும் உயிரோட இருக்கக் கூடாது."

"அப்ப நீங்க?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அரைகுறையாக எதையாவது மாட்டிச் சமாளிக்க அவள் தயாராக இல்லை. மாட்டினால் மொத்த வீடும் ஓட வேண்டும். இல்லையென்றால் பெட்டி மேசையாகவே கிடக்கட்டும். அப்பனுக்கும் மகளுக்கும் பிடிவாதத்தில் ஒரே அச்சு என்று அம்மா சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

இப்போது அவள் உள்ளே வந்ததும் அப்பா கண்ணைத் திறந்தார்.

"வாசக் கேட்டு... கத்துச்சே."

"காத்து."

"இன்ஜினீயர்," என்றார். கோபம் வந்தால் அவளுக்கு அந்தப் பெயர்தான். "போய் கேட்டியா?"

பொய் சொல்லியிருக்கலாம். அவளுக்கு வராது. "கேட்டேன். கேக்காம என்ன பண்ணச் சொல்றீங்க? நீங்க இங்க முள்ளைப் பாத்துக்கிட்டு மூச்சு விடுவீங்க, நான் கையைக் கட்டிக்கிட்டு நிக்கணுமா? அரை மணி நேரத்துல வந்துடும். நிம்மதியா இருங்க."

அப்பா முகத்திலிருந்த மாஸ்க்கைக் கையாலேயே இழுத்துக் கீழே தள்ளினார். அம்மா பதறி எழுந்தாள். அவர் கையைக் காட்டி அவளை உட்கார வைத்தார்.

"அரை மணியா?" ஒரு மூச்சு. "எர்த்... போட்டானுங்களா?"

அவர்கள் விடப்போவதில் முதலாவது அதுதான். செத்த கம்பிகளை ஒன்றோடொன்று பிணைத்து, ஒரு இரும்புத் தடி வழியாக மண்ணில் இறக்கிய பிறகுதான் மேலே ஏற வேண்டும். எங்கிருந்து எந்தக் கரண்ட் திருட்டுத்தனமாக வந்தாலும் ஆளைத் தொடாமல் மண்ணுக்குப் போய்விடும். திருப்பத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போட வேண்டும்; அதற்கே முக்கால் மணி நேரம் ஆகும்.

"நெட்டை ஏறினப்ப," என்றார் அப்பா. உதடு நீலமாகிக்கொண்டிருந்தது. "ஒரு அம்மா வந்து கேட்டுச்சு. குழந்தைக்கு ஜுரம்னு. எப்ப வரும்னு. நியாயந்தானே... கேக்கறவங்க எல்லாருக்கும் நியாயம் இருக்கும்."

"ஏங்க, பேசாதீங்க," என்றாள் அம்மா. அவள் குரலில் இருந்தது பயம் மட்டுமல்ல என்று மகளுக்குத் தெரிந்தது. அம்மாவுக்கு இந்தக் கதையின் மிச்சம் தெரியும்.

"எர்த் ராடு," என்றார் அப்பா. "என் கையிலதான் இருந்துச்சு... இறக்கலை."

அவ்வளவுதான். அம்மா மாஸ்க்கைத் திரும்ப வைத்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். பதினாறு நாளாகப் பிடிவாதக்காரக் கிழவன் என்று அவள் மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்த மனிதர், இத்தனை வருஷமும் அந்தத் தடியைக் கையிலிருந்து கீழே வைக்கவே இல்லை. சாப்பிட்டபோதும், அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போனபோதும், பட்டம் வாங்கிய அன்று கூட்டத்தின் கடைசியில் நின்று கை தட்டியபோதும். ஒரு மனுஷன் உடம்பில் இவ்வளவு கனத்துக்கு எங்கே இடம் இருக்கிறது என்று அவளுக்குப் பிரமிப்பாக இருந்தது.

ஓடினாள்.

*

பூனை கம்பத்தின் முக்கால் உயரத்தில் இருந்தான். எர்த் தடிகள் இரண்டும் வண்டியின் பின்சக்கரத்தில் சாய்ந்து கிடந்தன. சுருட்டிய ஒயரைக்கூடப் பிரிக்கவில்லை.

கத்த வாயெடுத்தவள் அப்படியே முழுங்கினாள். மேலே இருப்பவனைக் கூப்பிடக் கூடாது. அவன் திரும்பிப் பார்க்கிற அந்த நொடிதான் ஆபத்து. ஃபோர்மேன் பக்கத்தில் போய், சந்தையில் விலை கேட்கிற குரலில் சொன்னாள்:

"மாமா, இறக்குங்க அவரை."

"இதோ முடிஞ்சுடும் பாப்பா. இந்தத் தெருவுல ஜெனரேட்டரே கிடையாது, நான் பாத்துட்டேன். அண்ணனுக்காக ஒரு நாள்—"

"அண்ணன் கேட்டாரு, எர்த் போட்டாங்களான்னு. நான் என்ன சொல்லட்டும்?"

ஃபோர்மேன் முகம் சுருங்கியது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவர் அப்பாவுக்குக் கீழே இருந்தவர். "பாப்பா, அங்க ஆள் மூச்சுக்குத் தவிக்கறாரு. இங்க நான் சட்டம் பேசிக்கிட்டு நிக்கவா?"

"தவிக்கலை," என்றாள். "வீட்டுல கரண்ட் இருக்கு. புது இன்வெர்ட்டர் மாட்டியாச்சு. மெஷின் ஓடுது."

"உங்கப்பாதான் மாட்டவே கூடாதுன்னாரே?"

"மாட்டியாச்சு மாமா. சாயங்காலம் ஆனாலும் பரவாயில்ல. மெதுவா செய்யுங்க."

பச்சைப் பொய். அதைச் சொல்லி முடித்த கணத்தில் அவளுக்கு ஒன்று தெளிவாகிவிட்டது: இனி அதை உண்மையாக்கியே ஆக வேண்டும். சிலிண்டரில் ஒன்றரை மணி நேரம் மிச்சம்.

ஃபோர்மேன் ஒரு ஸ்பேனரை எடுத்துக் கம்பத்தில் மூன்று முறை மெல்லத் தட்டினார். மேலே பூனை நின்றான். பிறகு, கீழே இறங்கிக் கொண்டிருந்தான். எப்போது திரும்பினான் என்று யாருக்கும் தெரியவில்லை.

"அண்ணே, நீங்க எவ்வளவு எடை தூக்குவீங்க?" என்று பேக்கரிக்காரரிடம் கேட்டாள்.

"மாவு மூட்டை அம்பது கிலோம்மா, ஒத்தைக் கையில. ஏன்?"

"வாங்க."

*

வழியெல்லாம் அவள் வாய்க்குள் அந்தக் கேள்வியே ஓடியது. *கரண்ட் போனா எது எது ஓடியே ஆகணும்?* இத்தனை நாளில் தன் வீட்டைப் பார்த்து அதைக் கேட்கவே இல்லை. ஃபேன், ஃபிரிட்ஜ், மோட்டார், லைட் என்று மற்றவர்களைப்போலவே மொத்தமாக அள்ளியிருந்தாள். ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்தால் மிஞ்சியது ஒன்றே ஒன்று. ஒரே ஒரு ப்ளக். வீட்டு ஒயரிங்கோடு சேர்க்கவே வேண்டாம். தெரு லைனோடு சேர்க்க வேண்டிய தேவையே இல்லை. பெட்டி அதேதான். மாட்ட வேண்டிய ஒயர்களில் இரண்டை மாட்டாமல் விட்டால் போதும்.

இந்தச் சின்ன விஷயத்துக்கா பதினாறு நாள்? தன் தலையில் தானே குட்டிக்கொள்ள நேரமில்லை.

மருந்துப் பட்டைகளைக் கட்டிலில் கொட்டிவிட்டு அட்டையைக் கிழித்தாள். பேக்கரிக்காரர் பேட்டரியை அணைத்துத் தூக்கி அவள் காட்டிய இடத்தில் வைத்துவிட்டு, "இது மாவு இல்ல, மலை," என்றார். சுவரில் துளை போட நேரமில்லை. இன்வெர்ட்டரை ஒரு மர ஸ்டூலில் நிறுத்தி, துணி காயப்போடும் கயிற்றால் ஜன்னல் கம்பியோடு சேர்த்துக் கட்டினாள். கம்பெனியில் பார்த்தால் அன்றே சீட்டைக் கிழித்துவிடுவார்கள்.

அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார். கட்டிலுக்கு எதிரே, அவர் கண் மட்டத்தில்தான் அதை வைத்திருந்தாள்.

பேட்டரி ஒயர்களை முடுக்கினாள். வெளியே போகும் முனைகளில் ஒரே ஒரு ப்ளக் பாயின்ட்டை மாட்டினாள். பிறகு பக்கத்தில் போய்க் குத்துக்காலிட்டு, டார்ச்சைப் பெட்டியின் அடிவயிற்றில் அடித்தாள்.

"அப்பா, பாருங்க. இது பேனல் வர்ற இடம். இது பேட்டரி. இது வெளிய போறது, உங்க மெஷினுக்கு மட்டும். இந்த ரெண்டு ஓட்டையும் தெரு லைன் மாட்டற இடம்." பித்தளைத் திருகுகள் இரண்டும் பளபளத்தன. "மாட்டப்போறதில்ல. ரிலேயை நம்ப வேண்டாம். என்னை நம்ப வேண்டாம். ஒயரே இல்ல."

அப்பா கையை நீட்டினார். அவள் ஸ்டூலைக் கட்டிலருகே இழுத்தாள். அவர் சுண்டுவிரலை மெல்ல, ஒரு குழந்தையின் வாயில் பல் முளைத்திருக்கிறதா என்று தடவுகிற மாதிரி, முதல் ஓட்டையில் வைத்துப் பார்த்தார். பிறகு இரண்டாவதில். தான் தொடப்போகும் கம்பியைக் கண்ணால் மட்டும் நம்பாத மனுஷன்.

"ஒண்ணுமில்ல," என்றார் மாஸ்க்குக்குள்.

"ஒண்ணுமில்லப்பா."

அவர் சுவரில் ஆணியில் தொங்கிய தன் ரப்பர் கையுறைகளைக் கண்ணால் காட்டினார்.

அது அவளுக்கு மூன்று அளவு பெரிது. போட்டுக்கொண்டு மாடிப்படிக்குக் கீழே போனாள். பழைய இன்வெர்ட்டர் விளக்கெல்லாம் அணைந்து நல்ல பிள்ளையாகத் தூங்கிக்கொண்டிருந்தது. அதன் தலைமாட்டில் மாடியிலிருந்து இறங்கும் சிவப்பு ஒயரும் கறுப்பு ஒயரும். ஸ்விட்சை அணைத்தாள். அணைத்தாலும் அந்த இரண்டு ஒயர்களும் பேனல் பக்கம் சாகாது. தெரு லைனைக் கொல்லலாம். ஊர் லைனைக் கொல்லலாம். இதைக் கொல்ல ஸ்விட்சே கிடையாது. மேலே வெயில் இருக்கிற வரைக்கும் இருநூறு வோல்ட்டுக்கு மேல் அது சத்தமில்லாமல் நின்றுகொண்டிருக்கும். கல்லூரியில் படித்ததுதான். ஐந்நூறு வீட்டில் மாட்டியதுதான். ஆனாலும் அந்த நிமிஷம் மாடிப்படியின் இடுக்கு வழியாக மேலே பார்த்தபோது, தெருவே செத்துக் கிடக்க அது மட்டும் யார் அனுமதியும் கேட்காமல் எரிந்துகொண்டிருப்பதைக் கண்டு அவளுக்கு முதுகுத்தண்டு சிலிர்த்தது.

கனெக்டர்களைக் கழற்றி, கைவசமிருந்த நீட்டு ஒயரில் செருகினாள். கூடத்துக்குள் இழுத்து வந்தாள். பேனல் முனைகளில் மாட்டினாள். மூடியைப் போட்டு முடுக்கும்போது சிலிண்டரின் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டிருந்தது.

"அம்மா, மெஷின் ப்ளக்கைக் குடு."

ஸ்விட்சைப் போட்டாள்.

இன்வெர்ட்டர் ஒரு தடவை 'டக்' என்றது. திரையில் எண்கள் தடுமாறி நின்றன. கட்டிலுக்கு அடியில் மெஷின் உறுமி, நடுங்கி, பிறகு நாலு நொடிக்கு ஒரு தரம் புஸ்... புஸ்... என்று மூச்சுவிட ஆரம்பித்தது.

அம்மா குழாயைச் சிலிண்டரிலிருந்து மெஷினுக்கு மாற்றினாள்.

எட்டு நிமிஷத்துக்கு முன்னால் சூரியனை விட்டுக் கிளம்பிய வெளிச்சம் இப்போது அப்பாவின் மூக்குக்குள் போய்க்கொண்டிருந்தது. அவருடைய உதட்டின் நீலம் மெல்ல வெளுத்தது. இவ்வளவு தூரம் எதற்காகக் கிளம்பி வந்தது என்று அதற்குத் தெரியுமா?

"எம்மா," என்று பேக்கரிக்காரர் குரலைத் தாழ்த்தினார். "தப்பா நினைக்காதே. அப்படியே என் போனுக்கும் ஒரு..."

அப்பாவின் தோள் குலுங்கியது. அம்மா பயந்துபோய்க் குனிந்தாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

*

மத்தியானம் நகர்ந்தது. பேக்கரிக்காரர் போய்விட்டார், போனைச் சார்ஜ் போடாமலே. ஜன்னல் வழியாகப் பார்த்தால் கம்பத்தின் உச்சி தெரியும். திருப்பத்துக்கு இரண்டு பக்கமும் எர்த் தடி இறங்கியிருந்தது. பிறகே பூனை ஏறினான். முதல் கம்பி ஏறியது. இரண்டாவது ஏறியது. அப்பா ஒவ்வொரு அசைவையும் பார்த்தார். பூனை பெல்ட்டை மாற்றிக் கட்டும்போது அவர் விரல்கள் போர்வைக்குள் அசைந்தன.

ஒரு மேகம் கடந்தது. திரையில் பேனலின் எண் சரிந்தது; பேட்டரியின் எண் அதே அளவு எழுந்து கை கொடுத்தது. மெஷினின் புஸ் ஒரு இம்மியும் தடுமாறவில்லை.

"மேகம்," என்றாள்.

"தெரியுது," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அம்மாடி."

அந்தப் பெயரை அவர் கடைசியாகச் சொல்லி எத்தனை வருஷம் ஆகியிருக்கும்?

"என்னப்பா?"

"அவன்கிட்ட... என்ன சொன்னே?"

"மெதுவா செய்யுங்கன்னு."

அவர் தலையை அசைத்தார். போர்வைக்குள்ளிருந்து வலது கையை எடுத்து வெளியே வைத்தார். விரல்கள் மடங்கியிருந்தன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொன்றாகப் பிரிந்தன. உள்ளங்கை மேலே பார்க்க, காலியாக, கட்டில் விளிம்பில் கிடந்தது. அம்மா அதன்மேல் தன் கையை வைத்தாள்.

மூன்றாவது கம்பி ஏறும்போது மணி மூன்றடித்தது.

மெஷினுக்கு ஒரு தாளம், அவர் நெஞ்சுக்கு வேறொரு தாளம் என்று இத்தனை நேரமும் இரண்டும் தனித்தனியாகப் போய்க்கொண்டிருந்தன. அவள் இரண்டையும் எண்ணிக்கொண்டிருந்தாள். புஸ். நெஞ்சு எழுந்தது. புஸ். நெஞ்சு எழுந்தது. புஸ். புஸ்.

அவள் காத்திருந்தாள்.

புஸ்.

திரையைப் பார்த்தாள். மெஷின் இழுப்பது முந்நூற்று நாற்பது வாட். காலையிலிருந்து அதே எண். அவர் இழுத்தபோதும் அதே, இழுக்காதபோதும் அதே. முப்பத்தோரு வருஷம் கம்பத்தில் ஏறியவர் இறங்கிவிட்டதை எந்த மீட்டரும் காட்டவில்லை. அவர் கண் பாதி திறந்து ஜன்னலைப் பார்த்தபடி இருந்தது. ஒரு சத்தம் இல்லை, ஒரு உதறல் இல்லை. எப்போது இறங்கினார் என்று பக்கத்திலிருந்த இரண்டு பேருக்கும் தெரியவில்லை. அவள் கைகளில் மயிர்க்கால் நின்றது. பயம் இல்லை. பெரிய மலையின் அடியில் நின்று நிமிர்ந்து பார்க்கும்போது வருமே, அது.

அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். கழுத்தைத் தொட்டாள். மாஸ்க்கைக் கழற்றி, உதட்டோரத்தைத் துடைத்தாள். பிறகு குனிந்து மெஷினின் ஸ்விட்சுக்குக் கையைக் கொண்டுபோனாள்.

கை பாதியில் நின்றது.

தெருவில் வேறு எந்தச் சத்தமும் இல்லை. ஃபேன் இல்லை, டிவி இல்லை, பேக்கரியின் மாவு மெஷின் இல்லை. ஜன்னல் வழியாக, செத்த லைனின் கீழே, திருப்பம் வரைக்கும் போய்க்கொண்டிருந்த ஒரே சத்தம் அந்தப் புஸ் மட்டும்தான். காலையிலிருந்து அது ஓடுகிற தைரியத்தில்தான் அங்கே கம்பத்தின்மேல் ஒருவன் நிதானமாக நின்றுகொண்டிருந்தான். அது நின்றால் அவன் திரும்பிப் பார்ப்பான்.

"நாலாவது கம்பி," என்றாள் அம்மா.

"ம்."

"பூனை மேலயா?"

"மேலதான்."

அம்மா கையை இழுத்துக்கொண்டாள். தோளில் கிடந்த அப்பாவின் துண்டைச் சுருட்டி வாயில் வைத்து அழுத்தினாள். அவள் உடம்பு மட்டும் ஒரு தடவை முன்னும் பின்னும் ஆடியது. முப்பது வருஷம் ஒரு லைன்மேனோடு வாழ்ந்தவள்.

மகள் குழாயின் மடிப்பைச் சரி செய்தாள். அப்பாவின் காலி உள்ளங்கையைப் போர்வைக்குள் வைக்கவில்லை, அப்படியே விட்டாள். திரையை ஒருமுறை பார்த்தாள். வெயில் இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கும். பிறகு பேட்டரி. அவன் இறங்கி, தடிகளைப் பிடுங்கி, ஆட்களை எண்ணி, ஃபோர்மேன் லைனுக்கு உயிர் கொடுக்கிற வரைக்கும் தாராளமாகப் போதும். அதுவரைக்கும் யார் என்ன கேட்டாலும் அவளிடம் ஒரே ஒரு பதில்தான் இருந்தது. காலையில் சொன்ன அதே பதில்: மெஷின் ஓடுது, மெதுவா செய்யுங்க.

முகத்தைக் கழுவினாள். செருப்பைப் போட்டுக்கொண்டாள்.

வாசலில் இறங்கி, கேட்டைத் தன் பக்கம் இழுத்தாள். அது கத்தப் பார்த்தது. இரண்டு கையாலும் பிடித்து, தாழ்ப்பாளை விரலால் தாங்கி, ஒரு சத்தமும் வராமல் அதன் குழியில் மெல்ல இறக்கிவிட்டு, கம்பத்தை நோக்கி நடந்தாள்.